ஆறும் வரை

வந்ததும் பானெட்டில் கை வைத்தேன்.
சூடு.
"காலையில் ஓட்டினீர்களா?"
"பூனைக்காக" என்றார் ஹெல்துர்,
முகத்தில் ஒரு கோடும் அசையாமல்.

ரக்வெரேயில் இன்று மைனஸ் ஒன்பது.
இருபத்தொரு வயது மைக்ரா.
மீட்டர் ஒரு லட்சத்துப் பதினான்காயிரம் என்கிறது;
தேய்ந்து வழவழத்த பிரேக் மிதி
வேறு கணக்குச் சொல்கிறது.
கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைக்
கதவுக்கு அடியில் நகர்த்தினேன்.
ஒட்டியது, ஒட்டியது,
பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால்
வழுக்கி விழுந்தது.
அங்கே இரும்பில்லை, பட்டியும் பெயின்ட்டும்தான்.
"உப்பு" என்றார். சாலையைச் சொன்னார்.

அறுநூறு யூரோ கேட்கிறார்.
அதிகாலை மூன்றரைக்குப் பேக்கரியில் இருக்கவேண்டும்,
பதினொரு கிலோமீட்டர், அந்நேரம் பஸ் கிடையாது.
இது அவருக்குத் தெரியக்கூடாது.

"ஆறட்டும். ஆறிய எஞ்சினைத்தான் கேட்கணும்."
"உங்கள் இஷ்டம்."
காபி கொடுத்தார். பேச்சுக் கொடுக்கவில்லை.
எங்கிருந்தோ ஒரு சாம்பல் பூனை வந்து
பானெட்டில் ஏறிச் சுருண்டது.
அடச்சே, நிஜம்தானா?

நாற்பது நிமிடம்.
பூனை எழுந்தது, முதுகை வளைத்தது,
எங்களைப் பொருட்படுத்தாமல் இறங்கிப் போனது.
"ஆறிவிட்டது" என்றார்.

சாவியைத் திருப்பினேன்.
இருமல். மறுபடி இருமல்.
மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது;
உள்ளே சங்கிலி, உண்டியலைக் குலுக்கியதுபோல்
கலகலத்து, மெல்ல அடங்கியது.

"நானூற்றைம்பது" என்றேன்.
அவர் காரைப் பார்க்கவில்லை,
பனியில் போன கால்தடங்களைப் பார்த்தார்.
"ஐந்நூறு.
நாளைக் காலை வந்து தேடுமே,
அதற்கு அந்த ஐம்பது."