லாரியில் வந்த பாறைகள்

குருசுக்குப்பத்துக் கல்கரையில்
காலை ஆறு மணிக்குப்
பலகையைத் தலையில் வைத்து இறங்குவேன்.
மீன்கூடை சுமக்கிற தலைதானே
என்பான் அண்ணன் தெய்வீகன்.
கூடை ஒழுகும், பலகை ஒழுகாது,
அதுவரைக்கும் லாபம்.

ரெயூனியன் தீவிலிருந்து வந்தவள்.
பெயர் மாரி-ஃப்ரான்ஸ் விங்கடசாமி.
வேங்கடசாமியின் வே
எந்தக் காலத்துக் கப்பலிலோ நனைந்து
வி ஆகியிருந்தது.
அவளுக்குத் தமிழ் இல்லை.
என் பிரெஞ்சு
தெருப்பலகை படிக்கிற அளவு.
நடுவிலிருந்த இங்கிலீஷ்
இருவருக்கும் முழங்கால் ஆழம்.

கரும்பாறையைத் தட்டி
எரிமலையா என்றாள்.

இல்லையம்மா, கல்குவாரி.
வானூர் பக்கமிருந்து லாரியில் வந்தது.
ஒரு லாரி எங்கள் தெரு முனையில் டயர் வெடித்து
இரண்டு நாள் நின்றது,
ஆடுகள் அதனடியில் படுத்துக்கொண்டன.
இதோ பார், வெடி வைக்கத் துளைத்த தடம்,
பென்சில் நுழைகிற பள்ளம்.

அவள் ஊர்ப் பாறையைக்
கையாலேயே சொன்னாள்.
உள்ளங்கை மலையாய் எழுந்தது,
விரல்கள் வழிந்தன,
கடலில் பட்டதும் ‘ஸ்ஸ்ஸ்.’
பிறகு அதே கையைத்
தலைமேல் செதிலாய் நிறுத்தினாள்:
சுறா.
ஆளைக் கடித்தது. அலைச்சறுக்குக்குத் தடை.
பதினோரு வருடமாய் அவள் பலகை
அடுக்களைச் சுவரில்.
மேலே வெங்காயம் காய்கிறதாம்.

நானும் பத்தொன்பதில்தான் நீந்தக் கற்றேன்.
ஐந்து வயதில் அண்ணனைக்
கட்டுமரத்திலிருந்து தள்ளிவிட்டார் அப்பா.
என்னைக் கரையில் நிறுத்தி
நண்டு பொறுக்கச் சொன்னார்.
இதை அவளுக்குச் சொல்லக்
கைகள் போதவில்லை.

பெரிய அலை மூன்று வரும்,
பின்னால் கடலுக்கு ஒரு சோம்பல் வரும்,
அந்தச் சோம்பலில் இறங்கணும்.
இறங்கினோம்.
கல்லைத் தாண்டியதும்
அவள்தான் எனக்கு முன்னால் போனாள்.
தோள் திரும்புகிற விதத்திலேயே தெரிந்தது,
மறக்கவில்லை, பூட்டி வைத்திருக்கிறாள்.
ஒரு நீளமான அலையில் எழுந்து நின்று
பழைய துறைமுகப் பாலத்தின் கால்களைப் பார்த்தபடி
முழங்கால் மடக்கிப் போனாள்.
வாயை மூட மறந்து
உப்பு குடித்தேன்.

அப்புறம்தான் அந்தக் கத்தல்.
காலில் ஏதோ உரசியிருக்கிறது.
என் கழுத்தைப் பிடித்து, பலகையைப் பிடித்து,
இரண்டின் மேலும் ஏறி
முகம் சுண்ணாம்பாய்.
சிரிப்பு வந்தது.
உதடு நடுங்குவதைப் பார்த்ததும் போய்விட்டது.
மூழ்கினேன்.
கலங்கல் தண்ணீரில் கை துழாவி
இழுத்து வந்தேன்:

ஒரு சிமெண்ட் சாக்கு.

பார்த்தாள். தொட்டாள். மோந்தும் பார்த்தாள்.
எனக்குப் புரியாத பாஷையில் அதைத்
திட்டித் தீர்த்தாள். ஒரு நிமிடம் இருக்கும்.
பிறகு பலகையின் மூக்கில்
வேட்டையாடிய மிருகம்போல் கிடத்திக்
கரை நோக்கித் துடுப்பிட்டாள்.

சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்
விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.
கல்லுகிட்ட குளிக்கக் கூடாது,
போர்டு போட்டிருக்கு, படிக்கலையா?
சுறா பிடிக்கப் போனோம் சார் என்றேன்.
சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒழிஞ்சு போ அஞ்சலாட்சி
என்று திரும்பி நடந்தார்.

அவள் முழங்காலில் எரிமலை கிழித்த தழும்பு,
என் கணுக்காலில் குவாரிக்கல் கிழித்தது.
பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.
அவளுடையது பெரிசு.

ஈர நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு
ஆட்டோ ஏறினாள்.
சாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெயில் ஏறியிருந்தது.
பலகையைக் கழுவிச் சாய்த்துவிட்டு
இத்தனை வருடத்தில் முதன்முறையாக
அந்த வெடித்துளையில்
விரலை விட்டுப் பார்த்தேன்.

உள்ளே சூடாக இருந்தது.