மூன்றாவது கேள்வி

ஷெப்பர்ட்டன். பள்ளிக்கூட மண்டபம். சனிக்கிழமை.
வாசலில் வெங்காயம் வதங்கும் வாசனை,
பெற்றோர் சங்கம் ரொட்டியில் சாசேஜ் மடித்து விற்கிறது.
எனக்கு நான்காம் மேசை.
விடிந்ததிலிருந்து மூன்றே கேள்விகள்:
முழுப்பெயர்? முகவரி?
இந்தத் தேர்தலில் இதற்கு முன் வாக்களித்தீர்களா?

மூன்றாவதை நான் கேட்கும்போதெல்லாம்
ஐந்தாம் மேசை ஃபெரிடே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.
மதியம் கூட்டம் ஓய்ந்ததும் சொன்னாள்.

அவள் மாமனார், ஜெமில் கொஸ்ட்ரேசி.
கோர்ச்சாவுக்கு மேலே ஒரு கணவாயில்
இருபத்தாறு வயதில் இருநூறு துப்பாக்கிகளுக்குத் தளபதி.
அவர் சீட்டியடித்தால் மலை எழுந்து நிற்குமாம்.
அது ஊரார் சொன்னது.
அவர் சொன்னது இவ்வளவுதான்:
எங்கள் படையில் ஒழுங்காகப் பின்வாங்கத் தெரிந்தவை
கோவேறு கழுதைகள்.

பிறகு நாடாளுமன்றம்.
நம் ஊரில் கள்ள ஓட்டு என்போம்.
அவர் மாவட்டத்தில் அதற்குத் தனிப்பெயர் கிடையாது,
தேர்தல் என்றே சொன்னார்கள்.
வீரர்களை வரிசையில் நிறுத்தி ஒருமுறை,
தொப்பி மாற்றி ஒருமுறை,
கல்லறைகளில் பெயர் எழுதி வந்து இன்னொரு முறை.
எதிர்த்து நின்ற பள்ளி ஆசிரியருக்கு
விழுந்தவை பதினொன்று.
ஆசிரியர் வீட்டில் மட்டுமே பன்னிரண்டு பேர்.

நான்கு வருடம் இருக்கை. ஒரே ஓர் உரை, பாலம் கேட்டு.
பாலம் வந்தது. போரும் வந்தது.
எதிரி தாண்டக்கூடாதென்று
அவரே திரி கொளுத்தினார்.
ஆகஸ்ட் மாதம். முழங்கால் நீர்.
எதிரி காலணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
நடந்தே வந்துவிட்டான்.

இரவுப் படகு. இத்தாலியில் ஒரு முகாம்.
போனெகில்லாவில் இன்னொன்று, மூன்று வேளையும் ஆட்டுக்கறி.
கடைசியில் இங்கே, பேரிக்காய் டப்பா ஆலை.
ஃபோர்மன் அவரை ஜிம் என்றான்.
ஜிம் பிளந்தார், விதைக்கூட்டைத் தோண்டினார்,
பெல்ட்டில் வைத்தார்.
பெல்ட்டின் அந்தப் பக்கம் நின்று தோண்டியவன்
சோத்திர், அந்த ஆசிரியரின் மூத்த மகன்.
ஏழு பருவம், ஒரு பேச்சில்லை.
சர்க்கரைப் பாகில் ஈ விழுந்தால்
இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள்,
இருவரும் எடுக்காமல் விடுவார்கள்.

குடியுரிமை வந்த பின் முதல் தேர்தல். அவர் போகவில்லை.
"என் பங்கை எப்போதோ போட்டு முடித்துவிட்டேன்."
தபாலில் கடிதம் வந்தது:
வாக்களிக்கத் தவறியதற்கு அபராதம், இரண்டு பவுண்டு.
மனைவியை மூன்று முறை படிக்கச் சொன்னார்.
இருமல் வரும்வரை சிரித்தார்.
கட்டினார்.

அடுத்த தேர்தலுக்குக் கோட்டு மாட்டினார்.
இதே மண்டபம். நூலில் கட்டிய பென்சிலை
சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்:
பென்சில் திருடும் ஊர், பெட்டி திருடாத ஊர்.
மேசைப் பெண்மணி பெயர் கேட்டாள், முகவரி கேட்டாள்,
மூன்றாவதையும் கேட்டாள்.
'இந்தத் தேர்தலில்' என்பது
அவர் காதில் விழவில்லை.
தொப்பியைக் கழற்றினார்.
விரைப்பாக நின்றார்.

"ஆமாம், அம்மா. நானூற்று முப்பது தடவை."

அவள் அளவுகோலைக் கீழே வைத்தாள்.
வரிசையில் அவருக்குப் பின்னாலிருந்து
தாய்மொழியில் ஒரு குரல்:
"நானூற்று நாற்பத்தொன்று. அப்பா எண்ணி வைத்திருந்தார்."
பிறகு அதே குரல், உடைந்த ஆங்கிலத்தில், மேசையைப் பார்த்து:
"இவருக்கு பாஷை வராது.
இன்னும் போடவில்லை என்கிறார்."

சீட்டு கிடைத்தது.
யாருக்குப் போட்டார்?
ஃபெரிடேக்குத் தெரியாது, அவள் கணவனுக்கும் தெரியாது.
தடுப்புக்குள் போனவர் வெளியே வர
கால் மணி நேரம் ஆனதாம்.
திங்கட்கிழமை பெல்ட்டில்
மறுபடியும் கத்திகள் மட்டும்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம்.
பழத்தோட்ட மண் ஒட்டிய பூட்ஸோடு
ஓடி வருகிறான் ஒருவன்.
முழுப்பெயர்? முகவரி?
நான் ஐந்தாம் மேசைப் பக்கம் திரும்பாமல்
தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.