சத்தம்

லெசோத்தோவின் மேட்டுப் பள்ளிக்கூடங்களுக்குக்
குதிரையில்தான் போக முடியும்.
பதினோரு வருடம்
மாத்திரைக் குப்பியில் பஞ்சடைத்தே போனவள் நான்.
குலுங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

இன்று பஞ்சில்லை.
வகுப்பின் முன் நின்று குலுக்கினேன்.
"என் பெயர் லினேயோ. எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது.
கேளுங்கள்."

கொசு கடித்தால்?
ஒரே குவளையில் குடித்தால்?
உங்கள் மகனுக்கும் உண்டா?
இல்லை. இல்லை. இல்லை.
மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் சிரித்துவிட்டேன்.
வாத்தியார் ஜன்னல் வழியே
செப்டம்பரிலும் கரையாத பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது
கம்பளி போர்த்திய ஒருத்தி,
ஒன்றுமே கேட்காதவள்,
சேணம் கட்ட உதவுவதுபோல் வந்தாள்.
குனிந்தபடியே சொன்னாள்:

"பஞ்சு ஈரம் இழுக்கும், அக்கா.
கிழிந்த காலுறை வையுங்கள்.
சத்தமே வராது."

வாரை இருவருமாய்
இன்னொரு துளை இறுக்கினோம்.