சேதாரம்

மேக்னசைட் சந்திப்பில் ரயில் நின்றால்
இறங்குகிற ஆட்களைவிட
செருப்பில் ஏறுகிற வெள்ளைத் தூசி அதிகம்.
அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், என் எடைமேடை.

ஆயிரம் கிலோ கல் சூளைக்குள் போகிறது.
வெளியே வருவது
நானூற்று எண்பது. சில நாள் தொண்ணூறு.

புதிதாக வந்த ஆடிட்டர் பையன் கிஷோர்
பேனாவை மூடாமல் கேட்டான்:
"மீதி எங்கே மேடம்?"
திருட்டென்று நினைத்திருப்பான்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு உருக்கும்போது
நூற்றுக்கு இரண்டு சேதாரம் என்றாலே
சண்டைக்கு வருகிற ஊர் இது.
இங்கே பாதிக்கு மேல்.

கேட் வழியாகப் போகவில்லை தம்பி,
லாரியிலும் ஏறவில்லை,
அதோ, என்று புகைபோக்கியைக் காட்டினேன்.
அவன் அண்ணாந்து பார்த்தான். ஒன்றுமில்லை.
கல்லுக்குள் அடைந்து கிடந்த காற்றுக்கு
நிறம் கிடையாது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.
'குறைவு' என்ற கட்டத்தில்
இருபத்திரண்டு வருடமாக எண்ணை எழுதுகிறேன்,
முகவரி எழுதியதில்லை.

கொஞ்சம் ஏற்காடு ஏறி
காப்பி இலையில், சில்வர் ஓக்கில் ஒதுங்கும்.
பாதிபோல எங்கும் இறங்காமல் மேலேயே திரியும்.
நூற்றுக்கு இருபத்தைந்து, சுமாராக,
கடலுக்குள் போகும்.
எந்தக் கடல் என்று கேட்காதே.
சேலத்துக்காரிக்கு எல்லாக் கடலும் தூரம்தான்.

காற்று அலையைச் சுருட்டி உடைக்கிற இடத்தில்
கதவே கிடையாது.
போவதும் வருவதுமாக எந்நேரமும் நடமாட்டம்;
மேலே நெரிசல் கூடினால்
வருகிறதைவிடப் போகிறது கூடும்.
தண்ணீர் குளிர்ந்திருந்தால்
இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விடும்.

சூளையிலிருந்து வரும் மாதேசு
ஐஸ் பெட்டிக்குள் கை விட்டு
அடியில் கிடக்கும் கோலி சோடாவைத்தான் எடுப்பான்.
"வெயில்ல வச்சத திறந்தா
சூட்டுல கேஸ் நிக்காதுக்கா."
கடலைப் பற்றி நான் படித்த நாலு பக்கத்தையும்
ஒரே ஏப்பத்தில் முடித்துவிட்டான்.

ஆனால் உள்ளே போனது காற்றாகவே இருப்பதில்லை.
தண்ணீரோடு சேர்ந்து
நாக்குக்குத் தட்டாத ஒரு புளிப்பாகிறது.
ஓடு கட்டுகிற சின்னஞ்சிறு உயிர்களுக்குத் தட்டும்.
அவை சுவர் வைக்கச் சேர்த்த சரக்கில் போய்
கை வைக்கிறது
எங்கள் சேதாரம்.

மார்ச் முடிவில் கிஷோர்
'இயல்பான இழப்பு' என்று அச்செடுத்து நீட்டினான்.
கையெழுத்துப் போட்டேன்.
போடாமல் என்ன செய்ய.

ஹாரன் அடித்தபடி ஒரு லாரி மேடை ஏறியது.
"இறங்குப்பா, உன் எடை வேண்டாம்."
திரையில் எழுபது கிலோ குறைந்தது.
அந்த எழுபது மட்டும்
எங்கே போனதென்று தெரிந்தது:
வேலியோர நிழலில்
பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றது.