கடவைக் கொப்பி

மாங்குளம் கிளினிக்கில தந்த கடதாசி உறையில
பேனையால ஒரு கோடும் ஒரு வட்டமும்.
காலமை ஒண்டு. இரவு இல்லை.
"வருத்தம் மருந்துக்குக் கேக்க மூண்டு கிழமை செல்லும்,"
எண்டவ டொக்டர்.
"முதல் கிழமை கொஞ்சம் கூடவும் பாக்கும். விட்டிடாதேங்கோ."
சிங்களத்தில யோசிச்சுத் தமிழில இறக்கிற மாதிரி
ஒவ்வொரு சொல்லா வைச்சவ.

கேக்கிறதுதான் எனக்கும் வேலை.
பனிக்கன்குளத்துக்கு இஞ்சால, காட்டுக்குள்ள போற கிரவல் றோட்டு
தண்டவாளத்தை வெட்டுற இடத்தில
தகரக் கொட்டில், ஒரு கதிரை, பச்சைக் கொடி, சிவப்புக் கொடி,
துலா மாதிரி ஏறி இறங்கிற இரும்புத் தடி.
தடியின்ர வால்ல பாரத்துக்குக் கட்டியிருக்கிறது
சீமெந்து நிரப்பின பெயின்ற் வாளி.
நாள்ச் சம்பளம். லீவு எடுத்தா அதுவும் இல்லை.

முதலாம் நாள் ஒண்டுமில்லை.
மூண்டாம் நாள் வாய் காஞ்சு,
பாணைத் தேத்தண்ணியில தோய்ச்சாலும் தொண்டையால இறங்கேல்லை.
ஆறாம் நாள் இரவு முழுக்கக் கண் முழிச்சு
முகட்டில மரநாய் நடந்த அடிகளை எண்ணினன்.
அந்தரம் குறையேல்லை. கூடினது.
ரயில் இல்லாத நேரத்தில ரயில் கேட்டது.
ஓடிப்போய்த் தடியை இறக்கினன்.
உழவு மெசினோட நிண்ட பெடியன்
ரெண்டு பக்கமும் பாத்திட்டு
"அக்கா, எதுக்கு?" எண்டான்.
எதுக்கெண்டு எனக்குத் தெரிஞ்சா
நான் ஏன் கிளினிக் போறன்.

எப்ப தொடங்கினதெண்டு அங்க கேட்டவை.
இஞ்ச அதுக்கு ஒரு ஆண்டு ஆயத்தமா இருக்கு,
நான் வாய் திறக்க முதலே பேனை எழுதப் போனது.
அது இல்லை எண்டன்.
அந்த ஆண்டு எனக்குக் கை நடுங்கேல்லை.
பங்கருக்குள்ள இருந்து பிள்ளைக்குப் பால்மா கரைச்சனான்,
ஒரு துளி சிந்தாமல்.
இது போன மாசியில,
ஒரு சோலியும் இல்லாத செவ்வாய்க்கிழமை,
கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்கேக்க வந்தது.
நெஞ்சுக்குள்ள ஆரோ தடியை இறக்கிப்போட்டுத்
திரும்ப ஏத்த மறந்த மாதிரி.

யேசுரட்ணம் அண்ணை இரவு வேலைக்கு வரேக்க
உறையைக் கண்டிட்டார்.
விசர்க் குளிசையோ எண்டு கேப்பார் எண்டு இருந்தன்.
"சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?" எண்டார்.
பின்னம் எண்டன்.
"நான் முன்னம் போட்டு மூண்டு நாள் சத்தி எடுத்தனான்,"
எண்டிட்டு ரோச்சுக்கு பற்றி மாத்தினார்.
வேற ஒண்டும் கதைக்கேல்லை.

பன்ரெண்டு. பதின்மூண்டு.
ரயில் எண்டா முதல் தண்டவாளத்தில ஒரு சிணுங்கல் வரும்,
பிறகு கொக்கு எழும்பும், பிறகு ஹோன்.
குளிசைக்கு அப்படி ஒண்டுமில்லை.
எந்தப் பக்கத்தால வரும் எண்டும் ஒருதரும் சொல்லேல்லை.
காலமை விழுங்கிப்போட்டு
உள்ளுக்குக் காதை வைச்சுக்கொண்டு நிக்கிறன்.

ரயில் நேரம் எழுதிற கொப்பியில
விளிம்போட ஒரு புள்ளி, குளிசைக்கு.
போன கிழமை பரிசோதிக்க வந்த சேர் அதில விரலை வைச்சார்.
"இதென்ன?"
"பிந்தி வாறது ஒண்டு, சேர்."
"எந்த ரயில்?"
வெளியில மாடு. கலைக்கப் போனன்.
திரும்பி வரேக்க கையெழுத்து வைச்சிருந்தார்,
புள்ளிகளுக்கும் சேத்து.

இண்டைக்குப் பத்தொன்பது.
பின்னேர ரயில் போனாப் பிறகு தடியை ஏத்தி
கொளுக்கியை ஒருக்காப் பாத்தன். ரெண்டாந்தரமும் பாத்தன்.
கதிரையில வந்து இருந்து
பாதித் தோடம்பழம் திண்டாப் பிறகுதான் விளங்கினது
மூண்டாந்தரம், நாலாந்தரம் போகேல்லை எண்டு.
உடன எழும்பிப் போய்ப் பாத்தன்.
மாட்டித்தான் கிடந்தது.
இது குளிசையோ, கால் உளைவோ, தெரியேல்லை.
தோடம்பழம் நல்ல புளி.
புளி எண்டு நாக்குக்குத் தெரிஞ்சது.
மிச்சத்தையும் திண்டன்.