பூங்காவனம் பெ.கு.

அந்த ரசீதில் என் பெயர் கிடையாது.
பூங்காவனம் பெ.கு.
அவ்வளவுதான்.
அக்காவுக்கு அப்போது மூன்று வயது,
அவளுடையதில் திவ்யபாரதி என்று முழுசாய் இருக்கிறது.
எனக்குத் தொப்புள்கொடிகூட விழவில்லை.
பெயரில்லாதவள் பெயரில்
சர்க்கார் பதினைந்தாயிரத்துச் சொச்சம் போட்டுப் பூட்டியது,
சாவி பதினெட்டு வருஷம் கழித்து.

நான் வளர அதுவும் வளர்ந்தது.
எனக்கு மஞ்சக்காமாலை வந்த மாசமும் அதற்கு வட்டி ஏறியது.
நான் கணக்கில் முப்பத்தாறு வாங்கிய வருஷமும்
அது தப்பில்லாமல் கூட்டிக்கொண்டது.
அப்பா ரெண்டு தபா அடகுக் கடைக்குக் கொண்டுபோனார்.
சேட்டு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"இது குழந்தை நைனா,
குழந்தையை வாங்கி நான் எந்த பீரோவுல வைக்க?" என்று
கையிலேயே கொடுத்துவிட்டாராம்.

எர்ணாவூரில் தண்ணீர் ஏறும் ராத்திரிகளில்
முதலில் வெளியேறுவது அதுதான்.
அடுப்புக்கு முன், டிவிக்கு முன்,
சில சமயம் எங்களுக்கும் முன்.
எண்ணெய் கலந்து வெள்ளம் வந்த டிசம்பரில்
அம்மா அதைத் தலைமேல் முக்காட்டுக்குள் சொருகிக்கொண்டு
இடுப்பளவு கறுப்பில் நடந்தாள்.
கவரை மீறி ஒரே ஒரு கட்டைவிரல்
மூலையில் பதிந்துவிட்டது.
மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

இப்போது எட்டாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர்.
மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா
என்னைப் பார்க்கவில்லை, ரசீதைப் பார்த்தார்.
"பெ.கு. நீதான்னு என்ன ப்ரூஃப்?"
மார்க் ஷீட் கொடுத்தோம்.
பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு நான் மோனிஷா.
ஆதார் கொடுத்தோம்.
அதில் அம்மா பூங்கவனம், ஒரு துணைக்கால் குறைவு.
"அப்போ இந்தப் பூங்காவனம் யாரு?"
அம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மெஷினில் விரல் வைக்கச் சொன்னார்கள்.
பத்தையும் ஒவ்வொன்றாய் வைத்தாள்.
காசிமேட்டில் இருபது வருஷமாய் அவள் இறாலை உரிக்க
இறால் அவளை உரித்துக்கொண்டிருந்திருக்கிறது.
சிவப்பு விளக்கு.
"தொடைச்சிட்டு வைம்மா."
முந்தானையில் துடைத்தாள், ஊதினாள், வைத்தாள்.
சிவப்பு.
நான் ரசீதின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாதி தேய்ந்த சுழி,
ஆனாலும் சுழி.
அதை யாரும் கேட்கவில்லை.

பழைய ஃபைலைப் பிரித்தபோது
துருப்பிடித்த குண்டூசியோடு ரெண்டு தாள் வந்தன.
ஆண் வாரிசு இல்லை என்று தாசில்தார் எழுதியது ஒன்று.
அதன் முதுகில்
குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் சர்டிபிகேட்,
ராயபுரம் ஆஸ்பத்திரி, வயது இருபத்து மூன்று.

இருபத்து மூன்று.
எனக்கு அந்த வயதாக இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது.

படி இறங்கும்போது கேட்டேன்,
"தம்பி ஒண்ணு வேணும்னு தோணலியாம்மா?"
நாலாவது மாடி வரை பதில் இல்லை.
அப்புறம் சொன்னாள்,
"அந்த வாரம் செம வரத்து.
கூடை கூடையா எறா.
பத்து நாள் வேல போச்சி எனுக்கு."

பிறப்புச் சான்றில் பெயர் ஏற்ற வேண்டும்,
இருவரும் ஒருவரே என்று நோட்டரி வாங்க வேண்டும்,
அடுத்த வியாழன் வர வேண்டும்.
வந்தால் அவள் சீட்டுக் கடனைக் கட்டுவதா
என் நர்சிங் ஃபீஸா என்று
இன்னும் நாங்கள் பேசவே ஆரம்பிக்கவில்லை.

எண்ணூர் பஸ்ஸில் அடித்துப்பிடித்து ஏறி
கூட்டத்துக்கு மேலே குரல் கொடுத்தாள்,
"ஏய் பெ.கு.!
இங்க ஒரு சீட்டு கீது, வந்து குந்து!"
நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
நான் போய் உட்கார்ந்தேன்.
டோல்கேட் வருமுன் தூங்கிப்போனாள்,
பை மடியில், வாய் லேசாய்த் திறந்து.
ரெண்டு இலவச டிக்கெட்டும்
என் கையில்தான் இருந்தன.