பதினோரு நிமிடம்

விழாவுக்கு ஜெனரேட்டரும்
நூற்றிருபது நாற்காலியும் என்னுடையவை.
திரை அவர்களுடையது.
நான்கு நாள், பதினேழு படம்,
டீசல் தனி என்று பேச்சு.

நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று
வேலூருக்கு ஒரு பழைய கேலி உண்டே,
ஷமீனா மேடம் அதில் இன்னொன்றைச் சேர்த்தார்:
ஆளில்லா அரங்கம்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
தோல் ஷாப்புக் கழிவுநீர் பற்றிய ஆவணப்படத்துக்கு
ஒன்பது பேர். அதில் ஐந்து பேர்
படத்திலேயே வருகிறவர்கள்.
தங்கள் முகம் வந்தபோது
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்,
திரையைப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் வங்காளப் படம்.
காந்தி ரோடு லாட்ஜுகளில் யாரோ
போஸ்டர் ஒட்டியிருக்க வேண்டும்.
ஸ்கேன் கவரும் தண்ணீர் பாட்டிலுமாக
நாற்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள்.
வெளியே நாற்பத்தொரு டிகிரி,
உள்ளே ஏசி என்பதும் ஒரு காரணம்தான்.
ஆனால் திரையின் கீழே எழுத்து வருமுன்னே
அவர்கள் சிரித்தார்கள்.
நம்ம ஆட்கள் நான்கைந்து பேர்
படித்து முடித்துச் சிரித்தார்கள்.
அவர்கள் மின்னல், நாம் இடி.

இதெல்லாம் வாசலில் நின்று கேட்டது.

கரண்ட் போனது.
ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டேன்.
லேப்டாப் அணைந்து எழுந்ததில் இடம் தவறிப்போய்
டில்லிபாபு குத்துமதிப்பாக ஓரிடத்தில் அமுக்கினான்.
போன் வந்து ஒருவர் இருட்டிலேயே எழுந்து போனார்.
அவர் விட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன்.
இன்னும் சூடாக இருந்தது.

ஆறு.
கரைமுட்ட ஆறு.
பாலாற்றைத் தாண்டியே வளர்ந்தவன் நான்,
செருப்புக்கூட நனைந்ததில்லை,
கூச்சமில்லாமல் காலைத் தூக்கிக்கொண்டேன்.
நடுவில் ஒரு நாட்டுப் படகு.
படகில், நின்றபடி, ஒரு ஸ்டீல் பீரோ.
அதன் கதவு திறந்து திறந்து மூட
கண்ணாடியில் ஆகாயம் வந்து வந்து போனது.
கடைசியில் சேற்றங்கரையில் பீரோ நிற்கிறது,
உள்ளே ஒரு பையன் தூங்குகிறான்.
முடிந்தது படம்.

சாயங்காலம் டீக்கடையில் அவரே வந்து பிடித்துக்கொண்டார்.
நிதாய் மண்டல், கத்வாக்காரர்.
அவருக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரித் தமிழ்:
வலி இருக்கா, சாப்பிட்டாச்சா, நாளைக்கு வாங்க.
எனக்குத் தெரிந்த வங்காளம்
லாட்ஜு வாசலில் பொறுக்கியது:
எவ்வளவு, தண்ணீர், சோறு.
மிச்சத்துக்குக் கை இருந்தது.

முதல் பாதியை அவர் சொன்னார்.
தங்கச்சி கல்யாணத்துக்கு பீரோ,
மூன்று ஊரில் கடன்,
தம்பிக்காரன் கோபத்தில் சாவியைக் குளத்தில் எறிகிறான்.
பிற்பாதியை நான் காட்டினேன்,
இரண்டு உள்ளங்கையும் கதவாக.
திறந்ததுமே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.
பூட்டு?

டில்லிபாபு கணக்குப் போட்டுச் சொன்னான்,
பதினோரு நிமிடம் தாண்டிவிட்டதாம்.
அரங்கில் அத்தனை பேர் இருந்தும்
யாரும் பார்க்கவில்லை.
எங்கே போச்சு என்று யாரும் கேட்கவும் இல்லை.
ஆபரேஷன் தியேட்டர் வாசலில்
பெஞ்சு தேய்த்தவர்கள்.
பென் டிரைவை மறுநாள் காலையே
அடுத்த ஊர் விழாவுக்குக் கூரியர் செய்துவிட்டார்கள்.

கடைசி நாள், குட்டி யானையில்
நாற்காலி ஏற்றிக்கொண்டிருக்கிறேன், வந்தார்.
மைத்துனருக்கு வியாழக்கிழமை என்று
தன் நெஞ்சில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார்.
பிறகு அதே விரலைச் சாவியாகத் திருகினார்.
பூட்டு?

எத்தனை கல்யாண பீரோ ஏற்றியிருக்கிறேன்.
குலுங்கினால் தானாகத் திறந்துகொள்ளும் அது.
வண்டிக் கதவை ஆட்டிக் காட்டினேன்.
இல்லவே இல்லை என்று தலையாட்டினார்.
பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க,
நடு ரோட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு
முட்டி மடங்க மூழ்கினார்.
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார்.
எழுந்தபோது கை மூடியிருந்தது.

நாளைக்கு வாங்க, என்றார்.
நாளைக்குக் குடியாத்தத்தில் எனக்கு ஒரு வரவேற்பு,
முந்நூறு நாற்காலி.
வரேன் என்றேன்.